ராசி மண்

வெள்ளைக்கரட்டுக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டு வந்த காரோ, பிரசவத்துக்குப் போன பிள்ளைத்தாச்சியைத் தாயும் பிள்ளையுமாகத் திருப்பிக் கொண்டுவரும் வேனோ, கும்பிட்ட கையை இறக்காமல் ஓட்டுக் கேட்டு வருகிற ஜீப்போ, எதுவாக இருந்தாலும் ஊர் எல்லையில் போட்டிருக்கும் தகரக் கொட்டகைக்குள் ஏறி நின்று, டயர் இடுக்கையும் மட்கார்டின் உள்பக்கத்தையும் தன் அடிவயிற்றையும் மயிலாத்தாள் பிடிக்கிற பைப்புக்குக் காட்டி, ஒட்டியிருக்கிற அசலூர் மண்ணையெல்லாம் பக்கத்துக் குழியில் இறக்கிவிட்ட பிறகுதான் குறுக்குக் கம்பு மேலே போகும். அவசரம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "குழந்தைக்குக் காச்சலுங்க" என்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போங்கள், வண்டி குளித்துவிட்டு வரட்டும் என்பாள்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் ஒரு செடி. வெள்ளைக்கரடு, திருச்செங்கோட்டுப் பக்கத்தில், பூமியைத் துளைத்தே பிழைக்கிற ஊர்களில் ஒன்று. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக்கு வண்டி எத்தனை என்று எண்ணித்தான் இங்கே பெண் கேட்பார்கள், பெண் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆம்பளை வடக்கே இருப்பான், பாஷை தெரியாத சீமையில் ராவும் பகலும் கல்லைக் குடைந்துகொண்டிருப்பான். அப்படிப் போய்வந்த ஏதோ ஒரு வண்டியின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டுதான் பார்த்தீனியம் ஊருக்குள் வந்தது. வந்த புதிதில் கொத்தமல்லித் தழையைப்போல் அடக்கமாகத்தான் இருந்தது, பூத்த பிறகல்லவா அதன் யோக்கியதை தெரிந்தது! மேய்ந்த எருமையின் பால் கசந்தது, களை எடுத்த பெண்களின் கை தடித்தது, சோளக்காட்டில் சோளத்தைத் தவிர எல்லாம் விளைந்தது. அப்போது பஞ்சாயத்துத் தலைவராக இருந்த, இப்போதும் இருக்கிற, இனியும் இருக்கப்போகிற சென்னியப்பன் ஊரைக் கூட்டித் தீர்மானம் போட்டார். உள்ளே வருகிற வண்டியெல்லாம் கழுவப்படும். கழுவின குழியில் வெளியூர்ச் சரக்கு எது முளைத்தாலும் பூப்பதற்கு முன்னால் பிடுங்கப்படும். கழுவுகிற ஆளே பிடுங்கவும் வேண்டும். உலகத்தையெல்லாம் போய்த் துளைத்துவிட்டு வரலாம், உலகத்தின் ஒரு தூசு உள்ளே வரக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

கழுவுகிற வேலையை மயிலாத்தாளுக்குக் கொடுத்தது சென்னியப்பனின் நல்ல மனசு என்று ஊரே மெச்சியது. ஏனென்றால் அவருடைய ரிக்கு வண்டியில் வடக்கே போன அவளுடைய புருஷன் அர்த்தநாரி, வண்டி திரும்பி வந்தபோது அதில் இல்லை. "டீ குடிக்க எறங்குனான் அம்மிணி, திரும்ப ஏறல. நாங்களும் பொழுதுக்கும் ஆரன் அடிச்சுப் பாத்தோம்" என்றார் சென்னியப்பன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் மயிலாத்தாளும் மேற்கொண்டு கேட்கவில்லை. அர்த்தநாரி டீ குடிக்கமாட்டான் என்பது வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் குடிப்பது ரசம். சோற்றுக்கு ரசம், இட்டிலிக்கு ரசம், சும்மா இருந்தாலும் ஒரு டம்ளர் ரசம். மனுஷன் மாறிப்போயிருப்பானோ, அந்த ஊர்க் குளிருக்கு டீயும் பழகியிருப்பானோ என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு, தினம் ஒரு சட்டி ரசம் வைத்தாள். பாதியை அவள் குடித்தாள், மீதியைப் பொழுது சாய வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் ஊற்றிச் சட்டியைக் கழுவிக்கொண்டே அழுதாள். மூன்று வருஷமாக அந்த இடத்து மண் புளிவாசத்தோடு ஈரமாகவே கிடந்தது.

கதைக்குக் காரணமான ராசி மண்ணைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும். எந்தப் போரில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருகிறதோ, அந்தக் குழியின் மண்ணில் ஒரு கை அள்ளி ரிக்கு வண்டியின் விலாவில் அப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் துணியால் மூடிவிடுவது ரிக்குக்காரர்களின் வழக்கம். அடுத்து அதைவிடப் பெரிய தண்ணீர் கிடைக்கிறவரை அதில் ஒரு சொட்டு நீர் படக்கூடாது, பட்டால் ராசி போய்விடும். ஆகையால் தீர்மானம் போட்ட ஊரிலேயே, தீர்மானம் போட்டவரின் வண்டி உட்பட எல்லா ரிக்கு வண்டிகளும் விலாவில் ஒரு கை அசலூர் மண்ணோடுதான் ஊருக்குள் வந்தன. கழுவும்போது ஓட்டுநர் இறங்கி வந்து அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வார். மண் வேறு, ராசி மண் வேறு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

அந்த ஆடி மாதத்தில் சென்னியப்பனின் வண்டி வந்து நின்றபோது ஓட்டுநர் யாருடனோ போனில் பேசிக்கொண்டு வாளியை மறந்துவிட்டார். அர்த்தநாரியைக் கூட்டிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பி வந்த வண்டி அது. ஒவ்வொரு தடவை அதைக் கழுவும்போதும் அவனுடைய ஒரு பீடித்துண்டாவது, சட்டைப் பொத்தானாவது இடுக்கிலிருந்து விழாதா என்று மயிலாத்தாள் பார்ப்பாள். ஒன்றும் விழுந்ததில்லை. அன்றைக்கு அவளுக்கு என்ன வந்ததோ, பைப்பை நேராக மஞ்சள் துணிமேல் திருப்பினாள். துணி பறந்தது, மூன்று வருஷச் சந்தனமும் குங்குமமும் செந்நீராக ஓடின, ராசி மண் பொத்தென்று குழியில் விழுந்தது. "பைப்பு வழுக்கிருச்சுங்க" என்றாள். பைப்பு ஒன்றும் வழுக்கவில்லை.

சேதி கேட்டுச் சென்னியப்பன் மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, தன் ராசியைத் தேடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினார். ஒரு துணி முனை தட்டுப்பட்டது. மஞ்சள் துணிதான் சேற்றில் நிறம் மாறிவிட்டது என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தார். மண்ணுக்குள்ளிருந்து யாரோ தூக்கம் கலைந்த குரலில், "அரே பாய்" என்றார்கள்.

அது ஒரு முண்டாசின் முனை. அன்று சாயங்காலத்துக்குள் முண்டாசு முழுவதும் வெளியே வந்தது, சிவப்பு முண்டாசு. மறுநாள் நெற்றி, அதற்கடுத்து மூடிய கண்களும் பெரிய மீசையும், பிறகு தோள், பிறகு வேட்டி, அந்த வாரக் கடைசியில் முழங்கால்வரை முளைத்து, கணுக்காலோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வேர். ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த, மரியாதையான மனிதர். கண்ணைத் திறந்ததும் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார், பெயர் மாங்கிலால் என்றார், எந்த ஊர் என்று கேட்டதற்கு வடக்கே கையைக் காட்டினார்.

ஒரு மனுஷன் மண்ணிலிருந்து முளைப்பது எப்படி என்று வெள்ளைக்கரட்டில் யாரும் கேட்கவில்லை. அசலூர் மண்ணில் அசலூர்க்காரன் முளைக்காமல் நம்மூர்க்காரனா முளைப்பான்? அவர்களுடைய கவலையெல்லாம் இது களையா, விருந்தாளியாக வந்த ஒறம்பரையா என்பதுதான். களையென்றால் பிடுங்க வேண்டும், ஒறம்பரையென்றால் சோறு போட வேண்டும், இரண்டிலும் செலவு இருந்தது. வேளாண்மை ஆபீசர் ஒருவரை வரவழைத்தார்கள். அவரும் வண்டியைக் கழுவிக்கொண்டு வந்து, மாங்கிலாலைச் சுற்றிவந்து, காதைத் திருப்பி உள்ளே பார்த்து, ஒரு நகத்தைக் கிள்ளி முகர்ந்து, களைப் பட்டியலில் இப்படி ஒன்று இல்லை என்றும், ஆள் என்பதால் தாலுகா ஆபீசைக் கேளுங்கள் என்றும் சொன்னார். தாலுகா ஆபீசில், முளைத்தது என்பதால் வேளாண்மையைக் கேளுங்கள் என்றார்கள். சரி, பூக்கிறவரை நேரம் இருக்கிறதே, பார்த்துக்கொள்வோம் என்று ஊர் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டது.

போனது மட்டுமல்ல, ஆவணி பிறப்பதற்குள் அவர் இல்லாமல் ஆகாது என்றும் ஆகிவிட்டது. அசையாமல் நிற்கிறவர்தானே என்று மிளகாய் காயப்போட்ட பெண்கள் ஆட்டை விரட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டினார்கள். பேருந்துக்குப் போகிறவர்கள் ஹெல்மெட்டை அவர் கையில் மாட்டிவிட்டுப் போனார்கள். வடக்கத்திப் புரோக்கர்களிடமிருந்து போன் வந்தால் பேச்சு முறிந்துபோகிற சமயத்தில் ஓடிவந்து அவரிடம் கொடுத்தார்கள், அவர் பேசினால் எதிர்ப்பக்கம் சாந்தமாகிவிடுகிறது என்றார்கள். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி அவர் காலடியில் விளக்கு வைத்துப் பிள்ளைவரம் கேட்டுவிட்டுப் போனாள். மாங்கிலால் எல்லாவற்றையும் சிரித்த முகமாகச் செய்தார். அவர் சிரிக்காத நேரம் ஒன்றே ஒன்றுதான். மயிலாத்தாள் மோட்டாரைப் போட்டு ஒரு ஸ்கூட்டரைக் கழுவத் தொடங்கினாலும் போதும், ஓடுகிற அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டும்.

அவருக்குத் தண்ணீர் ஊற்றுவது அவளுடைய வேலையில் சேர்த்தியில்லை. ஆனாலும் தினம் காலையில் வந்ததும் முதல் குடம் அவர் காலடியில்தான். ஊற்றினதும் அவர் முகம் தெளியும். அவளை நிமிர்ந்து பார்த்து, நெஞ்சில் கைவைத்து, ஒரே வாசகத்தை விடாமல் சொல்வார். நீளமான வாசகம், நடுவில் "மதராசி" என்று ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. தன்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். மற்றதற்கு அர்த்தம் கேட்க நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள். சென்னியப்பனின் வண்டியில் துளை போடுகிறவன் அவன், அர்த்தநாரியோடு ஒரே வண்டியில் போனவன், இந்தி சரளமாகப் பேசுவான்.

நாச்சிமுத்து ஒரு கணம் வேப்பமரத்தைப் பார்த்தான். "ஒண்ணுமில்லீங்க்கா. உங்கூர்த் தண்ணி தித்திப்பா இருக்குதுங்கறாரு."

வெள்ளைக்கரட்டுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பாவம், நன்றியுள்ள மனுஷன், இல்லாததையும் சொல்லிப் புகழ்கிறார் என்று அவள் மறுநாளிலிருந்து இரண்டு குடமாக ஊற்றினாள்.

புரட்டாசியில் இரண்டு காரியங்கள் நடந்தன. மாங்கிலாலின் வலது காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் பச்சையாக ஒரு மொட்டு கட்டியது. அதே வாரத்தில் அவருடைய வேர், மேல்மண்ணைத் தாண்டி, ஊருக்கு அடியில் கிடக்கிற வெள்ளை வெங்கச்சங்கல் சரளையைத் தொட்டிருக்க வேண்டும், நாக்கு திரும்பிவிட்டது. மயிலாத்தாள் இரண்டாவது குடத்தைச் சாய்த்தபோது, "போதுமுங்க்கா" என்றார். அவள் சிரித்துவிட்டு, வந்த ஒரு மினிலாரிக்காரரிடம் சொன்னாள். மினிலாரிக்காரர் டீக்கடையில் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அது சென்னியப்பனின் காதுக்குப் போனது. அதுவரை மொட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருந்த மனுஷன், தமிழ் வந்துவிட்டது என்று கேட்டதும் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"இன்னிக்கு ஒரு மொட்டுத்தான். பூத்து, காய்ச்சு, வெதை காத்துல போச்சுன்னா அப்பறம் நம்ம காடு பூராவும் முண்டாசுதான் மொளைக்கும். ஆயுத பூசைக்கு முன்னால புடுங்கியாகோணும். எனக்கு மட்டும் சங்கடமா இருக்காதா? இருந்தாலும் தீர்மானம்னு ஒண்ணு இருக்குதில்ல" என்றார்.

ஊர் வருத்தத்தோடு ஒத்துக்கொண்டது. அவ்வளவு நல்ல மனுஷனை வெறுமனே பிடுங்கிப் போட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று, பிடுங்குவதற்கு முன் ஒரு பாராட்டு விழா வைப்பதென்று முடிவானது. பூசைக்கு முந்தின நாள் காலையில் கொட்டகைக்கு முன்னால் நாற்காலி போட்டு, மைக் செட் கட்டி, மாங்கிலாலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மிளகாய்ப் பெண்கள் இளநீர் கொடுத்தார்கள். ஆளுக்கொரு மாலை போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். சென்னியப்பன் மைக்கைப் பிடித்து, வடக்கையும் தெற்கையும் இணைத்த பாலம் என்று அவரைப் புகழ்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துப் பேசி முடித்து, மயிலாத்தாள் பக்கம் திரும்பி, "ஆகட்டும் அம்மிணி" என்றார்.

மயிலாத்தாள் குழிக்குள் இறங்கினாள். பார்த்தீனியத்தைப் பிடுங்கின கைதான், அதில் ஒரு நாளும் அவளுக்குச் சங்கடம் இருந்ததில்லை. குந்தி உட்கார்ந்து, கணுக்காலைச் சுற்றி மண்ணை விலக்கினாள். விரலில் வேர் தட்டுப்பட்டது, பச்சைப்பிள்ளையின் தலைமுடியைப்போல் மெத்தென்று இருந்தது. "என்னை மன்னிச்சுருங்க" என்றாள்.

மாங்கிலால் மாலைகளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். அவர் பேசின தமிழ் சுத்தமான வெள்ளைக்கரட்டுத் தமிழாக இருந்தது.

"மெதுவாப் புடுங்குங்க்கா. சல்லி வேர் அறுந்தா வலிக்குமுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். தெனமும் எம்பாஷையில சொல்லிட்டுத்தானுங்க இருந்தேன், இத்தனை தமிழு இன்னிக்குத்தான் வந்துதுங்க. எங்கூட்டுக்காரி உங்க ஊட்டுக்காரரைப் புடுங்கலீங்க."

மயிலாத்தாள் கையை எடுத்தாள். "என்னது?"

"எங்க காட்டுல வந்து இவிய போர் போட்டாங்க. போகப் போகப் புழுதிதானுங்க பொகைஞ்சுது. சொட்டுத் தண்ணி இல்ல. ஊர்ச் சனம் வண்டிய மறிச்சுக்கிட்டு உடமாட்டேன்னுட்டாங்க. தண்ணி வர்ற வரைக்கும் ஒரு ஆளை உட்டுப்போட்டுப் போங்கன்னாங்க. அந்த மதராசிய எறக்கி உட்டுட்டு இவிய கெளம்பிட்டாங்க. அவரு போர்க் குழிகிட்டயே நின்னு, தண்ணி வருதா வருதான்னு காதைக் குடுத்துக் கேட்டுட்டே இருந்தாரு. அடுத்த மழையில அவருக்கு வேர் உட்ருச்சுங்க. போன் என்னைக்கோ செத்துப்போச்சு, காட்டுல கரண்டுக்கு எங்க போவாரு. வர்றவிய போறவிய எல்லார்த்துகிட்டயும் ரசம் ரசம்னு என்னமோ கேப்பாரு. எங்கூர்ல ரசம்னா யாருக்குங்க தெரியும்?"

ரசம் என்ற சொல்லிலேயே மயிலாத்தாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கூர்லயும் கூட்டம் போட்டாங்க. அசலூர்க்காரன், பூக்கறதுக்கு முன்னால புடுங்கணும்னாங்க. எங்கூட்டுக்காரிதான் நடுவுல போய் நின்னுக்கிட்டா. தண்ணிக்கு அவ வெடியால போனா பொழுது உச்சிக்கு வந்துதான் திரும்புவா. அந்தக் கொடத்துல ஒரு சொம்பு உங்க ஊட்டுக்காரருக்குத்தானுங்க."

"நெசமாங்களா தலைவரே?" என்று மயிலாத்தாள் கேட்டாள். சென்னியப்பன் மைக்கை இன்னும் கையில் வைத்திருந்தார், அதனால் அவர் முனகினது ஊருக்கே கேட்டது. "தண்ணி வந்ததும் அனுப்பறோம்னாங்க. நானும் வரும்னுதான் நெனைச்சேன்." அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நெசந்தானுங்க்கா" என்றான்.

கூட்டத்தில் யாரோ, இவர் இங்கே எப்படி வந்தார் என்று அப்போதுதான் கேட்டார்கள். மாங்கிலால் கூச்சத்தோடு சொன்னார். வண்டி கிளம்பினபோது அவருக்கு ஆத்திரம் தாளவில்லை. அழுத கண்ணோடு காட்டு மண்ணை ஒரு கை அள்ளி, நாசமாய்ப் போங்கள் என்று சாபம் விட்டு வண்டிமேல் வீசியிருக்கிறார். அது போய் விலாவில் அப்பிக்கொண்டது. மண்ணில் கலந்த அந்தக் கண்ணீர்தான் இங்கே இவராக முளைத்தது, வீசினவர் இன்னும் அந்தக் காட்டில்தான் இருக்கிறார், வேர் விட்டவனுக்கு ஊர்ச் சேதி மண்ணுக்கு அடியிலேயே வந்துவிடும் என்றார். அதற்கு முந்தின போரில் தண்ணீர் பீய்ச்சியிருந்ததால், ராசி மண்ணை நாச்சிமுத்து அப்பியிருக்கிறான் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார், சென்னியப்பன் அப்பினது என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டான். ராசி மண்ணைப் பற்றி வாய்விட்டுப் பேசினால் ராசி போய்விடும் என்பதால் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை. வாய்க்கு வந்த சாபத்துக்கு மூன்று வருஷம் சந்தனம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் ஊர் கலகலத்துப் போனது. அர்த்தநாரிக்காக என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்த மண் வந்த பிறகுதானே தலைவர் இன்னும் இரண்டு வண்டி வாங்கினார், சாபத்துக்கே இத்தனை யோகம் என்றால் ராசி என்று நாம் இத்தனை நாளாகக் கும்பிட்டதெல்லாம் என்ன என்று ஆளாளுக்குத் தன் வண்டி மண்ணைச் சந்தேகிக்கத் தொடங்கி, விழா நடந்த இடத்திலேயே இரண்டு கட்சி கட்டிக்கொண்டு பேசினார்கள். மயிலாத்தாள் அதில் கலந்துகொள்ளவில்லை. விலக்கின மண்ணை மறுபடியும் மாங்கிலாலின் கணுக்காலைச் சுற்றி அணைத்து, கையால் தட்டிக் கெட்டிப்படுத்தினாள்.

"தீர்மானம் போட்டவிய வந்து புடுங்கிக்குங்க" என்றாள்.

யாரும் வரவில்லை. மாலையும் பொன்னாடையுமாக நிற்கிற, அதிலும் சாபம் விடத் தெரிந்த மனுஷனைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? பிடுங்குவது ஒத்திவைக்கப்படுகிறது என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அன்று மத்தியானம் சென்னியப்பன் அவளுடைய வீட்டுக்கே வந்தார். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வண்டி வடக்க போகுது அம்மிணி. நாச்சிமுத்தையும் கூட்டிக்கிட்டு நானே அந்த ஊருக்குப் போறேன். உன்ற ஊட்டுக்காரனைக் கிளப்பிக் கொண்டாந்து உன்ற வாசல்ல உடறேன்" என்றார். சத்தியமும் செய்தார். மயிலாத்தாள் அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தாள். கிளப்பி என்றால் பிடுங்கித்தானே? சல்லி வேரெல்லாம் அறுபடும். வந்து சேர்ந்தாலும், அசலூர் மண் அப்பின அந்த ஆளை எல்லையில் நிறுத்தி அவள்தான் கழுவ வேண்டும். மூன்று வருஷம் மழையும் வெயிலும் யாரோ ஒருத்தியின் ஒரு சொம்புத் தண்ணீரும் சேர்ந்து வளர்த்த ஆள், கழுவி முடிக்கும்போது எவ்வளவு மிஞ்சுவான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன்மேல் ஆசை பொங்கியது, அவனை அப்படிப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. எழுந்து பொடக்காணிக்குப் போனாள்.

மறுநாள் ரிக்கு வண்டிகள் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டி வரிசையாக நின்றன. பூசணிக்காய் உடைந்தது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வடக்கே கிளம்பத் தயாராக நின்ற சென்னியப்பனின் வண்டிக்குப் பக்கத்தில் போய், மயிலாத்தாள் முந்தானையை அவிழ்த்தாள். அதில் புளிவாசம் அடிக்கிற ஈரமண் இரண்டு கை இருந்தது. அதை வண்டியின் விலாவில், பழைய ராசி மண் இருந்த அதே இடத்தில் அப்பினாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், மஞ்சள் துணியால் மூடினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது எந்த ஊர் மண் என்று ஒருவர் வாய் திறக்கவில்லை, கேட்டால் ராசி போய்விடுமே! சென்னியப்பன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"அவரைப் புடுங்க வேண்டாமுங்க. போய்ப் பாத்துட்டு மட்டும் வாங்க, தண்ணி எங்கியாவது வருமான்னும் இன்னொருக்காப் பாருங்க" என்றாள் மயிலாத்தாள்.

கம்பு மேலே போனது, வண்டி போனது. வெள்ளைக்கரட்டில் வெளியே போகிற வண்டியைக் கழுவச் சொல்லி இதுவரை யாரும் தீர்மானம் போட்டதில்லை.

ஐப்பசியில் மாங்கிலால் பூத்தார், சின்னச் சின்ன மஞ்சள் பூ. மார்கழியில் காய் வெடித்தது. தைக்குள் வெங்காயக்காட்டிலும் சோளக்காட்டிலும் அங்கங்கே சிவப்பு முனைகள் தெரிந்தன. பிடுங்க வேண்டும், பிடுங்கியே ஆக வேண்டும் என்று எல்லாரும் பேசினார்கள். ஆனால் காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத ஊர் அது, பிள்ளைகளெல்லாம் வடக்கே போர் போடுகிறார்கள். முளைத்தவர்கள் நின்ற இடத்திலிருந்தே கைக்கு எட்டுகிற தூரமெல்லாம் பார்த்தீனியத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். களையைக் களையே எடுக்கிறது என்றால் யாருக்கு மனசு வரும்? அவரவர் காட்டில் முளைத்ததை அவரவர் ஒறம்பரை என்று சொல்லிக்கொண்டார்கள், அடுத்தவன் காட்டில் முளைத்ததை மட்டும் களை என்றார்கள். கொட்டகையும் தீர்மானமும் அப்படியேதான் இருந்தன, மயிலாத்தாளும் வருகிற வண்டியையெல்லாம் கழுவிக்கொண்டுதான் இருந்தாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் முற்பகல், பளபளப்பான வெள்ளைக் கார் ஒன்றைப் பாதி கழுவியிருந்தபோது நாச்சிமுத்து போன் செய்தான். ஊரூராகத் துளைத்துக்கொண்டு போன வண்டி அந்தக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அக்கா, ராசி மண்ணு மழையில கரைஞ்சு உழுந்துருச்சுங்க்கா. அண்ணன் நிக்கற எடத்துக்குப் பக்கத்துலயே."

"ம்."

"மொளைச்சிருச்சு. கொண்டை தெரியறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்கதான்னு."

மயிலாத்தாள் பைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டே கொட்டகைத் தூணில் சாய்ந்தாள். "பேசறாளா?"

"பேசறதாவா? கழுத்து வெளிய வந்ததுல இருந்து அண்ணனைத் திட்டிட்டே இருக்குது. ஒரு போன் பண்றதுக்கு உனக்கு என்னய்யா கேடுன்னு ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தலீங்க."

"நல்லாக் கேக்கட்டும்" என்றாள். "அவரு என்ன சொல்றாரு?"

"தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறாரு. சிரிக்கற மாதிரியும் இருக்குது, அழுகற மாதிரியும் இருக்குது."

"ரசம் கேக்கறாரா இன்னும்?"

"இல்லீங்க்கா, நிறுத்திட்டாரு. மண்ணை மோந்து பாத்துட்டு நிறுத்திட்டாரு."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரே மாங்கிலால், வெள்ளைக் காரின் கூரையிலிருந்து வழிந்து குழிக்குப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வந்துதா அங்க?"

"எங்கீங்க்கா? ரெண்டாந்தடவையும் புழுதிதான். மாங்கிலால் ஊட்டம்மாதான் கொண்டாந்து ஊத்துது. அதே ஒரு சொம்புதான். முன்ன அண்ணனுக்கு மட்டும், இப்ப ரெண்டு பேர்த்துக்கும் பாதி பாதி."

மயிலாத்தாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, போய் மோட்டாரை நிறுத்தினாள். கார்க்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பாதிதானே கழுவியிருக்கு?"

"பாதி போதுமுங்க" என்று சொல்லிக் கம்பைத் தூக்கினாள். "போங்க."